தொட்டானா, தொடவில்லையா?

கால்பந்தாட்டத்துக்கு 17 விதிகள் உண்டு என்பது இதைப் படிக்கும் நண்பர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, நான் அறியேன். சென்ற செப்டம்பர் மாதம் வரை எனக்கும் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து பந்து உதைத்து வருகிறேன். பந்தைக் கையால் தொடக்கூடாது, ஆளை மிதிக்கக்கூடாது, கோட்டைத் தாண்டினால் எறிய வேண்டும், கம்பங்களுக்கு நடுவே உள்ளே போனால் கோல். இவ்வளவுதான் நான் கற்ற சட்டம். இவற்றுள் நான்காவது எல்லா நேரத்திலும் உண்மையல்ல என்பதை நான் அறிந்துகொண்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துறைகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டம் அது. இயற்பியல் துறையாகிய எங்களுக்கும் வணிகவியல் துறைக்கும் மோதல். வணிகவியலில் ஆள்பலம் அதிகம். அறுபது பேரிலிருந்து பதினொருவரைப் பொறுக்கி எடுப்பார்கள். எங்கள் துறையிலோ பூட்ஸ் வைத்திருப்பவன் எவனோ அவனே ஆட்டக்காரன். அப்படியிருந்தும் எண்பது நிமிடம் வரை ஆளுக்கொரு கோல் கூட விழாமல் சமாளித்துவிட்டோம். மதியம் பெய்த மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. தெற்குக் கோலுக்கு முன்னால் ஆண்டுதோறும் தேங்கும் குட்டை அன்றும் தேங்கியிருந்தது. நம் மைதானத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் குட்டையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை!

நான் ஸ்டாப்பர் பேக். எங்கள் கோல்கீப்பர் என் வகுப்புத் தோழன். விடுதியில் என் பக்கத்துக் கட்டிலும் அவனுடையதே. பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். அவன் காலில் இருந்தது அவனுடைய அண்ணனின் பூட்ஸ். ஒரு சைஸ் பெரிது. நுனியில் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு ஆடுவான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் லெப்ட் பேக்கை எதிரணிக்காரர் இடறிவிட்டார். நடுவர் விசில் ஊதி எங்களுக்குப் பிரீ கிக் கொடுத்தார். எங்கள் கோலிலிருந்து சுமார் இருபத்தைந்து மீட்டர் தூரம். பந்தை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் மூச்சு வாங்கி நின்றார்கள். பின்னால் நண்பன், "இங்கே குடு, இங்கே குடு" என்று கத்தினான். சரி, அவனிடம் கொடுத்தால் அவன் உதைத்து அப்பால் அனுப்புவான், கொஞ்சம் நேரமும் போகும் என்று எண்ணி அவன் பக்கம் உதைத்தேன். குட்டையில் பந்து நின்றுவிடக் கூடாதே என்று சற்றுப் பலமாகவே உதைத்தேன். உதைத்த கையோடு முன்பக்கம் திரும்பி ஓடத் தொடங்கினேன்.

கூச்சல் கேட்டுத்தான் மறுபடி திரும்பிப் பார்த்தேன். பந்து வலைக்குள் கிடந்தது. நண்பன் குட்டைக்குள் உட்கார்ந்திருந்தான்.

நடுவராக நின்றவர் வேறொரு துறையில் முதுகலை படிக்கும் அண்ணன். ஒரு விநாடி யோசித்தார். பிறகு விசில் ஊதி நடுவட்டத்தைக் காட்டினார். கோல்! மைதானத்தைச் சுற்றி இருநூறு பேராவது இருந்திருப்பார்கள், ஆசிரியர்களும் இருந்தார்கள். ஒருவர் கூட 'இது எப்படிக் கோலாகும்?' என்று கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்று வெளியே வந்தோம்.

பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமோ? தமிழ்நாட்டில் பந்தைக் காலால் தொட்டறியாதவர்களுக்கும் தெரிந்த ஒரு கால்பந்துச் சொல் இருக்கிறதென்றால் அது 'சேம் சைடு கோல்'தான். மேடையில் சொந்தக் கட்சிக்காரரைப் பேச்சாளர் குத்திப் பேசினால் சேம் சைடு கோல். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி அவருடைய அம்மாவே உளறிக்கொட்டினால் சேம் சைடு கோல். அந்தச் சொல் எனக்குப் பெயராகவே ஆகிவிட்டது. விடுதி உணவறையில் 'சேம் சைடுக்கு ஒரு கரண்டி சாம்பார்' என்றார்கள். வகுப்பில் பேராசிரியர் ஒருவர் வெக்டர் பாடம் நடத்தும்போது, "விசைக்கு அளவு மட்டும் போதாது, திசையும் வேண்டும். ஐயமிருந்தால் மூன்றாவது பெஞ்சில் கேளுங்கள்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டான். நான் உதைத்த உதையால் அவனுக்கும் அவமானம், அதனால் என்மேல் கோபம் என்று எண்ணிக்கொண்டேன்.

இரவில் விடுதி நண்பர் ஒருவரின் கைப்பேசியில் என்னைப் போன்ற பாவிகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். முதலில் ஆறுதலாக ஒருவர் கிடைத்தார். 2018-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று மாஸ்கோவில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பிரான்சின் கிரீஸ்மான் உதைத்த பிரீ கிக் குரோஷியாவின் மாண்ட்சுகிச் தலையில் உரசி அவருடைய சொந்தக் கோலுக்குள் விழுந்தது. உலகக் கோப்பை இறுதியாட்டங்களின் வரலாற்றிலேயே அதுதான் முதல் சேம் சைடு கோல். அரையிறுதியில் இங்கிலாந்தை வீழ்த்திய கோலை அடித்து நாட்டை இறுதிக்குக் கொண்டுவந்தவரும் அவரே! அதே இறுதியாட்டத்தின் பிற்பாதியில் பிரான்சுக்கு எதிராகவும் ஒரு கோல் போட்டார். ஆனாலும் 4–2 என்று பிரான்சே வென்றது. அந்த உலகக் கோப்பையில் மட்டும் 12 சேம் சைடு கோல்கள் விழுந்தன என்று படித்தபோது, நம் கூட்டம் பெரிதுதான் என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்துக் கிடைத்தவர் கொலம்பியாவின் ஆந்த்ரெஸ் எஸ்கோபார். 1994-ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று அமெரிக்காவுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில், குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். பந்து அவருடைய சொந்த வலைக்குள் போயிற்று. கொலம்பியா 2–1 என்று தோற்றது. பத்து நாள் கழித்து, ஜூலை 2 அன்று, தம் சொந்த ஊரான மெதெயினில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அதற்கு மேல் அன்றிரவு நான் எதையும் தேடவில்லை. சாம்பார் கரண்டியோடு போயிற்றே என்று படுத்துவிட்டேன்.

நிற்க. மூன்று வாரம் சென்றது. மழையாலும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளாலும் இறுதியாட்டம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. ஒரு மாலை, பந்துகளை எண்ணி அலமாரியில் வைப்பதற்காக உடற்கல்வி இயக்குநரின் அறைக்குப் போனேன். அங்கே மேசைமேல் கால்பந்து விதிப் புத்தகம் இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை விரித்து உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்த ஆங்கிலமோ சட்ட ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாலை படித்தேன். மூன்றாம் மாலை 13-ஆம் விதிக்கு வந்தேன். பிரீ கிக்குகளைப் பற்றிய விதி அது.

பிரீ கிக்கில் இரண்டு வகை. ஒன்று நேரடி, அதிலிருந்து எதிரணியின் கோலுக்குள் நேரே உதைக்கலாம். மற்றொன்று மறைமுகம், நடுவர் ஒரு கையை உயரத் தூக்கி நிற்பார், பந்து இன்னொருவர்மேல் பட்ட பிறகே கோல் செல்லும். யார்மேலும் படாமல் எதிரணிக் கோலுக்குள் போனால் அவர்களுக்குக் கோல் கிக். இது கொஞ்சம் எனக்கு முன்பே தெரிந்ததுதான். அதற்கடுத்த வரியைத்தான் நான்கு முறை படித்தேன். நேரடியோ மறைமுகமோ, எந்தப் பிரீ கிக்காக இருந்தாலும், உதைத்தவரின் சொந்தக் கோலுக்குள் பந்து நேராகப் போனால் அது கோல் அல்ல. எதிரணிக்கு ஒரு கார்னர் கிக். அவ்வளவுதான்!

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அப்படியானால் நான் போட்டது சேம் சைடு கோலே அல்ல. கோலே அல்ல!

ஏன் இப்படி ஒரு விதி என்று புத்தகத்தில் காரணம் எழுதவில்லை. நானாகவே யோசித்துப் பார்த்தேன். பிரீ கிக் என்பது என்ன? நமக்கு எதிராக ஒருவன் தவறிழைத்தான். அதற்கு நடுவர் வாங்கிக் கொடுக்கும் நஷ்டஈடு. நஷ்டஈடு வாங்கப் போனவன் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினான் என்றால் அது நியாயமாகுமா? ஆகவே அந்த உதையாலேயே நேராக ஒரு கோலை இழக்க வேண்டாம் என்று விதி குறுக்கே நிற்கிறது. அதற்காக முழுமையாக மன்னித்தும் விடவில்லை. தவறிழைத்தவனுக்கே ஒரு கார்னரைக் கொடுத்துவிடுகிறது. எறிபந்து, கோல் கிக், கார்னர் கிக், ஆட்டத் தொடக்க உதை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். எதிலிருந்தும் ஒருவன் தன் கோலுக்குள் நேராகப் போட்டுக்கொள்ள முடியாது.

இன்னொரு சங்கதியும் அப்போதுதான் விளங்கிற்று. அன்று நண்பன் ஏன் பந்தைக் குனிந்து கையால் எடுக்கவில்லை? சொந்த அணிக்காரன் வேண்டுமென்றே காலால் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது. தொட்டால் எதிரணிக்கு மறைமுகப் பிரீ கிக். இது 1992-இல் வந்த விதி. 1990-இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களில் 115 கோல்கள்தாம். ஆட்டத்துக்குச் சராசரி 2.21. 2022 வரை நடந்த உலகக் கோப்பைகளில் இதைவிடக் குறைந்த சராசரி இல்லை. பந்தைக் கோல்கீப்பருக்குக் கொடுப்பதும் அவர் கையில் வைத்துக்கொண்டு நேரம் கடத்துவதுமாகப் பார்ப்பவர்களைக் கொட்டாவி விடவைத்தார்கள். அதற்கு மருந்தாக வந்த விதி, சேற்றில் பெரிய பூட்ஸோடு நின்ற என் நண்பனைக் காலை நீட்ட வைத்துவிட்டது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே இயக்குநரிடம் ஓடினேன். விதியைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"சரிதான்பா. ஆனா இங்க 'நேராக'ன்னு ஒரு வார்த்தை இருக்கு பார். கோல்கீப்பர் தொட்டானா?" என்றார்.

எனக்கு வாயடைத்துவிட்டது. மூன்று மாலை படித்த நான் அந்த ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்திருக்கிறேன். உதைத்தவனைத் தவிர வேறொரு ஆட்டக்காரர்மேல் பட்டுவிட்டால் பிறகு அது பிரீ கிக்கிலிருந்து நேராக வந்த பந்தல்ல, ஆட்டத்திலிருக்கும் பந்து. உள்ளே போனால் கோல். நண்பனின் பூட்ஸில் நூலளவு உரசியிருந்தாலும் நடுவர் கொடுத்தது சரி. உரசாமல் போயிருந்தால் தவறு.

இயக்குநர் 2002-ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். பர்மிங்காம் சிட்டியும் ஆஸ்டன் வில்லாவும் ஒரே நகரத்துப் பகையாளிகள். வில்லாவின் மெல்பெர்க், எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தம் கோல்கீப்பர் எங்கெல்மனுக்கு எறிந்தார். எங்கெல்மன் காலால் நிறுத்த முயன்றார். பந்து பாதத்தின் கீழே நழுவி வலைக்குள் உருண்டது. எறிபந்துக்கும் இதே விதி அல்லவா? தொடாமல் போயிருந்தால் கார்னர்தான். நடுவர் டேவிட் எல்லரே கோல் என்று தீர்ப்பளித்தார். பர்மிங்காம் 3–0 என்று வென்றது. எங்கெல்மன் தொட்டாரா இல்லையா என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

அன்றிரவே அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பத்துத் தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒவ்வொரு விதமாகத் தெரிந்தது. பார்வையாளர் ஒருவர் மைதானத்துக்குள் ஓடி வந்து எங்கெல்மன் முகத்துக்கு நேரே கேலி செய்ததையும் பார்த்தேன். பந்தை எறிந்த மெல்பெர்க்கை யாரும் கேலி செய்யவில்லை. நம் கல்லூரியில்தான் தலைகீழ்! எல்லரே பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர் என்பதும், 2016-இல் கால்பந்து விதிப் புத்தகம் முழுவதையும் திருத்தி எழுதிய பணிக்கு அவரே தலைமை தாங்கினார் என்பதும் பின்னர் தெரிந்துகொண்ட செய்திகள்.

இயக்குநர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னைக் கெடுத்தது.

"நடுவர் கண்ணால பார்த்த விஷயத்துல அவர் சொல்றதுதான் முடிவு. ஆனா விதியையே தப்பாச் சொல்லிட்டா மறு ஆட்டம் கேட்கலாம். உலக அளவிலயே அப்படி நடந்திருக்கு. இறுதியாட்டம் இன்னும் நடக்கலை. நீ போய் உன் கோல்கீப்பரைக் கேட்டுட்டு வா. நான் அவனை விசாரிக்க மாட்டேன். அவன் சொல்றதை நீ வந்து சொல்லு."

அவர் குறிப்பிட்டது 2005-ஆம் ஆண்டு உஸ்பெகிஸ்தான் – பஹ்ரைன் ஆட்டம். உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. செப்டம்பர் 3, தாஷ்கண்ட். ஒரு கோல் முன்னிலையில் இருந்த உஸ்பெகிஸ்தானுக்குப் பெனால்டி கிடைத்தது; உதைத்தார்கள், உள்ளே போயிற்று. ஆனால் உதைப்பதற்கு முன்பே அவர்களுடைய ஆள் ஒருவர் எல்லைக்குள் புகுந்துவிட்டார். அன்றைய விதிப்படி மறுபடி உதைக்கச் சொல்லியிருக்க வேண்டும். நடுவரோ கோலை ரத்து செய்து பஹ்ரைனுக்கு மறைமுகப் பிரீ கிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் 1–0 என்று உஸ்பெகிஸ்தானுக்கே முடிந்தது. இருந்தும் அவர்கள் முறையிட்டார்கள். 3–0 என்று வெற்றியைப் பதிவு செய்யக் கேட்டார்கள். பிபா அமைப்பு நடந்த ஆட்டத்தையே ரத்து செய்து மறு ஆட்டம் வைத்தது. மறு ஆட்டம் 1–1. அடுத்து பஹ்ரைனில் 0–0. எதிரணி மண்ணில் கோல் போட்ட கணக்கில் பஹ்ரைன் மேலே போயிற்று. கையில் இருந்த வெற்றியை முறையிட்டு இழந்த கதை! இதையெல்லாம் நான் பிற்பாடு தேடிப் படித்தேன். அன்று என் காதில் விழுந்தது 'மறு ஆட்டம்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

விடுதிக்கு வரும் வழியிலேயே அணித்தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் துள்ளிக் குதித்தார். "இதுல கேட்க என்னடா இருக்கு? தொடலைன்னு சொல்லச் சொல்லு, முடிஞ்சுது" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. தொட்டிருக்க மாட்டான் என்று நம்பினேன் என்பதைவிட, தொட்டிருக்கக் கூடாது என்று விரும்பினேன் என்பதே உண்மை.

நண்பன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். விதியைச் சொன்னேன். மறு ஆட்டம் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்தான்.

"பட்டுச்சுடா" என்றான்.

"என்ன பட்டுச்சு?"

"பந்து. என் பூட்ஸ்ல. உள்பக்கம்."

வக்கீல் போல் வாதாடத் தொடங்கினேன். "உன் பூட்ஸ் ஒரு சைஸ் பெரிசு. நுனியில துணி அடைச்சிருக்கே. நூலளவு பட்டா உனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டது தெரியலைதான். பந்து திரும்பினது தெரிஞ்சுது. நீ அடிச்ச பந்து கோலுக்கே வரலைடா. போஸ்ட்டுக்கு வெளியே போயிட்டிருந்துச்சு. விட்டிருந்தா வெறும் கார்னர். நான்தான் காலை நீட்டினேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "மூணு வாரமா ஏண்டா சொல்லலை?"

"எல்லாரும் உன்னைச் சொன்னாங்க. என்னை ஒருத்தரும் சொல்லலை. அப்படியே விட்டுட்டேன்." இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உணவறையில் நான் வாங்கிய பட்டமெல்லாம் அவனுக்குரியது. அல்லது அவன் இப்போதாவது சொன்னானே என்று மனம் இளகியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. என் மனம் போட்ட கணக்கு வேறு. இந்த அறையில் நாங்கள் இருவர். பந்து திரும்பியதைக் கண்டவன் இவன் ஒருவன். நடுவரோ நடுக்கோட்டுக்கருகில் நின்றார். இவன் வாயைத் திறக்காவிட்டால் மறு ஆட்டம் கிடைக்கும், என் பெயரும் துடைக்கப்படும், இவனுக்கும் நஷ்டமில்லை. எனவே சொன்னேன்: "நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரியாதுடா."

அவன் பதில் பேசவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான்.

இயக்குநரிடம் போய் நான் என்ன சொல்வது? 'தொட்டேன் என்கிறான்' என்றால் எல்லாம் முடிந்தது. 'தொடவில்லை என்கிறான்' என்றால் ஒரு வார்த்தைப் பொய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவும் துணிவில்லை. உண்மையைச் சொல்லவும் மனமில்லை. ஆகவே போகவே இல்லை. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. உடற்கல்வி அறை இருக்கும் பக்கத்தையே தவிர்த்து நூலகத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இறுதியாட்டம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அது நடந்து முடிந்துவிட்டால் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. மழையே வராதே என்று நான் வேண்டிக்கொண்ட வாரம் அதுவாகத்தான் இருக்கும்.

மழை வரவில்லை. இறுதியாட்டம் நடந்தது. வணிகவியல் துறை வரலாற்றுத் துறையிடம் 3–1 என்று தோற்றது. சனிக்கிழமை காலை விதிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"சார், அன்னிக்கு நீங்க கேட்டீங்களே... அவன் தொட்டுட்டானாம் சார்" என்றேன், அன்றுதான் விசாரித்தவன் போல.

"தெரியும்பா. செவ்வாய்க்கிழமை காலையிலயே வந்து சொல்லிட்டுப் போனான்" என்றார் இயக்குநர். புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் நூலகத்தைச் சுற்றிக்கொண்டு போன நாள்களில் அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. இரவு அவனிடம், "ஏண்டா, என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்று கேட்டேன். "நீ சொல்லுவேன்னு நெனச்சேன். ஆனா நீ கிளம்பலை" என்றான்.

நடுவராக இருந்த அண்ணனிடமும் ஒரு நாள் பேசினேன். 13-ஆம் விதியைப் பற்றிக் கேட்டதும் விழித்தார். பந்து உள்ளே போனதைப் பார்த்தார், கோல் என்றார், அவ்வளவே. இயற்பியல் தேர்வில் வழிமுறை முழுவதும் தவறாக எழுதிக் கடைசியில் சரியான விடையை வரவழைத்துவிடுவோமே, அதுபோல விதி தெரியாமலே சரியான தீர்ப்பை வழங்கியிருக்கிறார். எங்கள் பேராசிரியர்கள் அத்தகைய விடைக்கு மதிப்பெண் தருவதில்லை என்பதை அவரிடம் பணிவுடன் தெரிவித்தேன். சிரித்துக்கொண்டே விதிப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

நண்பன் உணவறையில் எழுந்து நின்று, "அது என் கோல், இவனோடது இல்லை" என்று ஒரு நாள் அறிவித்தும் பார்த்தான். யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பட்டம் வைத்தவர்களுக்கு விதி எதற்கு? எனக்குச் 'சேம் சைடு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவனுக்குப் பெயரே இல்லை. இப்போது அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. ஆனால் அவன் முன்னால் யாராவது அப்படிக் கூப்பிட்டால், என்னைவிட அவன் முகம்தான் வாடுகிறது.

தேர்வுகள் முடிந்து ஜனவரியில் மறுபடி பயிற்சி தொடங்கியது. எங்களுக்குள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினோம். நான் ஸ்டாப்பர் பேக், அவன் கோல்கீப்பர். எங்கள் பாதியில் ஒரு பிரீ கிக் கிடைத்தது. ஏறத்தாழ அதே இடம். தரை காய்ந்து கட்டாந்தரையாக இருந்தது. முன்னால் பார்த்தேன், வழியில்லை. பின்னால், "இங்கே குடு" என்று குரல் கேட்டது. எதிர்ப்பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். 'சேம் சைடு, சேம் சைடு' என்று கைதட்டினார்கள்.

பந்தை அவனுக்கே கொடுத்தேன். ஆனால் நேராகக் கோலைப் பார்த்தல்ல. கம்பத்துக்கு வெளியே, அவனுடைய வலப்பக்கம், அவன் நான்கு அடி ஓடி வந்து எடுக்கும்படி. தவறவிட்டாலும் கார்னர்தான். இந்தத் தடவை நான் திரும்பி ஓடவில்லை. அவன் ஓடி வந்து பந்தை நிறுத்தி, மைதானத்தின் அந்தக் கோடிக்கு உதைத்து அனுப்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.